பதினெட்டு லீற்றர் பெற்றோல்

மூன்று வருசமாக எங்கள் வீட்டுக் கார் கொட்டிலுக்குள் நின்றது. நின்றது என்று சொல்வதுகூடக் கூடுதல்தான். நாலு டயரும் காற்றிறங்கித் தவளை மாதிரிக் குந்தியிருந்தது. பின்சீற்றில் இரண்டு விதைநெல் மூட்டை, பொனற்றின் மேல் கழுவிக் காயப்போட்ட உரப்பைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் "இன்னும் விக்கல்லியா?" என்று கேட்பார்கள். என் கணவர் றவூப் "பாப்பம்" என்பார். கல்யாணம் முடித்த இருபத்தொன்பது வருசத்தில் நான் அவரிடம் வெறுத்த சொல் அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோலுக்கு ஊரே இரவு பகலாக வரிசையில் கிடந்ததே, அப்போது நிறுத்திய கார் அது. பெற்றோல் திரும்ப வந்தது, வரிசை போனது, எல்லாருடைய வாகனமும் ஓடியது. எங்கள் கார் மட்டும் ஓடவில்லை. கேட்டால் பற்றரி இல்லை என்பார், டயர் விலை என்பார், லைசன் முடிந்துவிட்டது என்பார். நானும் விட்டுவிட்டேன். எனக்கு ஸ்கூட்டி இருந்தது.

நான் மிட்வைப். ஊரில் மிஸ்ஸி என்பார்கள். இருபத்தாறு வருசமாக வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன், பிள்ளைகளை நிறுக்கிறேன், சாப்பாட்டை ஒழுங்காகக் கொடுக்காத தாய்மாரை ஏசுகிறேன். போன வருசம் நற்பிட்டிமுனையில் ஒரு எருமை குறுக்கே வந்து, ஸ்கூட்டியோடு விழுந்து முழங்கால் போனது. இனி இரண்டு சில்லில் ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தூரத்துத் தமிழ் ஊரான சொறிக்கல்முனைப் பக்கத்தைத் தந்தார்கள். எங்கள் பெரிய டொக்டர் நல்ல மனிசன்தான், ஆனால் சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது.

"முதலாந் திகதிக்குள்ள ஒரு வாகனத்துக்கு வழி பண்ணுங்க மிஸ்ஸி. இல்லாட்டி ஸ்டோருக்குள்ள இருங்க. திரிபோஷாப் பக்கற் எண்ணுறதுக்கும் ஆள் வேணும்தானே."

ஓய்வு பெற எனக்கு இன்னும் ஆறு வருசம் இருந்தது. ஆறு வருசம் ஜன்னல் இல்லாத அறைக்குள் சத்துமாப் பக்கற் எண்ணிக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கார் ஓட எனக்கு லைசன் இருந்தது, பத்து வருசத்துக்கு முன் எடுத்து அலுமாரிக்குள் வைத்தது. காருக்குத்தான் லைசன் இல்லை. அதை எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால், முதலில் புகைச் சோதனைச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். முதலாந் திகதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து றவூபிடம் சொன்னேன்.

"அது ஓடாது," என்றார்.

"ஓட வெச்சிப் பாத்தாத்தானே தெரியும்."

"வீண் வேல, றஹீமா. பழைய இரும்புக்காரனுக்குக் குடுப்பம்."

மூன்று வருசம் "பாப்பம்" என்ற மனிசன் ஒரே மூச்சில் இரும்புக்காரனிடம் போனது எனக்கு விசித்திரமாக இருந்தது. பொம்பளை கார் ஓடினால் ஊர் கதைக்கும் என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எங்கள் வயல் கண்டத்துக்கு வட்டவிதானை. நூற்றிருபது ஏக்கர் வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பிரித்துக் கொடுக்கிற ஆள். அப்படிப்பட்டவர்களுக்கு ஊர்வாய் என்றால் கொஞ்சம் நடுக்கம்தான். சாவியை ஒளித்துவிடுவார் என்று கொத்தோடு எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கதவுச் சாவி, பெற்றோல் மூடிச் சாவி எல்லாம் அதில் இருந்தன. அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் கைப்பை என்னோடுதான்.

சில்வெஸ்டர் பாஸுக்கு போன் எடுத்தேன். அவர் சொறிக்கல்முனை ஆள், கல்முனையில் கராஜ் வைத்திருக்கிறார். முன்பு றவூபின் கண்டத்தில், கடைசி வாய்க்காலில், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்தவர். பெற்றோல் தட்டுப்பாட்டு வருசம் சிறுபோகத்தில் அறக்கொட்டியான் பூச்சி அடித்து அந்த வயல் முழுக்க நெருப்பு வைத்தது போலக் காய்ந்து எரிந்துபோனது. அதோடு மண்வெட்டியை வைத்துவிட்டு முழுநேரமும் கராஜில் இறங்கிவிட்டார்.

அடுத்த நாளே வந்து, நெல் மூட்டையை இறக்கி, டயருக்குக் காற்றடித்து, காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். போகும்போது றவூபிடம் கேட்டார்.

"விதானையார், டாங்கில பழைய பெற்றோல் கிடக்குமே. இறக்கிப் போட்டுத்தான் வேலை தொடங்கணும்."

"இல்ல, இல்ல. நான் போன மாசம் எல்லாத்தையும் இறக்கிட்டுப் புதுசு ஊத்தினனான். நல்ல எண்ணெய்."

போன மாசம் இவர் காருக்குப் பக்கத்தில் போனதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நான் வேலைக்குப் போகிற நேரத்தில் செய்திருப்பார், வாயால் வேண்டாம் என்றாலும் மனதுக்குள் ஆசை இருக்கிறது என்று எண்ணிச் சந்தோசப்பட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

சில்வெஸ்டர் ஏழு நாள் அந்தக் காரோடு மாரடித்தார். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார், எஞ்சின் ஒயில் மாற்றினார், எலி அறுத்த வயர்களைக் கட்டினார். நான் வேலை முடிந்து போகும்போது ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். மற்ற வாகனங்களை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் காருக்குக் கீழேதான் கிடப்பார்.

"மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும் மிஸ்ஸி. எங்கட வயல் எரிஞ்ச நேரம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல. விதானையார்தான் மூண்டு மூட்டை நெல்லு ஏத்திக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தவர். அத நான் மறக்க ஏலுமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மூன்று மூட்டையைக் கொடுக்கும்போது நான் முணுமுணுத்தவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள் கார் உயிர் பெற்றது. பின்னால் நீல நிறத்தில் புகை வந்தது. கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும் என்று சில்வெஸ்டர் சொன்னார். இரண்டு பேருமாக அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்த புகைச் சோதனை நிலையத்துக்குப் போனோம். சோதிக்கிறவர் புகைக்குழாய்க்குள் ஒரு வயரைச் செருகிவிட்டு, எஞ்சினை இரையவிடச் சொன்னார். சில்வெஸ்டர் மிதித்தார். தகரக் கொட்டில் முழுக்க நீலமாகிவிட்டது. சோதிக்கிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். சித்தியில்லை என்று போட்டிருந்தது, அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் இல்லை.

"இஞ்சினுக்குள்ள ஒயில் எரியுது பாஸ். கழட்டித்தான் பாக்கணும்," என்றார்.

சில்வெஸ்டரின் முகம் செத்துப்போனது. "ரிங் போயிருக்கு மிஸ்ஸி. சாமான் கொழும்பிலயிருந்து வரணும். ஒரு மாசம் எடுக்கும்," என்றார். பிறகு மெதுவாக, "நான் பூட்டினதில ஏதும் பிழையோ தெரியா. எனக்கு நீங்க கூலி தரவேணாம்," என்றார்.

நான் காருக்குப் பின்னால் நின்று அந்தப் புகையை முகர்ந்துகொண்டிருந்தேன். ஒயில் கருகும் மணம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. கொஞ்சம் இனிப்பாக, தொண்டையில் ஒட்டிப் பிடிக்கிற மணம். கல்யாணம் முடித்த காலத்தில் விடியற்காலையில் தேத்தண்ணீர் வாளியோடு வயல் நடுவே இருந்த வாடிக் குடிசைக்குப் போவேன். அங்கே றவூப் மருந்தடிக்கிற மெசினை முதுகில் கட்டிக்கொண்டு வரம்பில் வருவார். அவருடைய சேட்டிலிருந்து வருகிற மணம் இதுதான். அந்த மெசினுக்குப் பெற்றோலைத் தனியாக ஊற்ற முடியாது, டூ-டீ ஒயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. தட்டுப்பாட்டு வருசம், மருந்தடிக்க என்று கண்டத்துக்கு ஒரு பீப்பாய் பெற்றோல் கிடைத்தது. ஏக்கர் கணக்குப்படி பிரித்துக் கொடுக்க வேண்டியவர் வட்டவிதானை. றவூப் எல்லாரையும் வாடிக்குக் கூப்பிட்டு, அவர்கள் கண்முன்னால் பீப்பாய்க்குள் டூ-டீ ஒயிலைக் கலந்தார். "இனி இத எவனும் பைக்குக்கு ஊத்தவும் ஏலா, விக்கவும் ஏலா. வயலுக்குத்தான்," என்றார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கண்டங்களிலும் அப்படியே செய்தார்கள். வாய்க்கால் தலைப்பிலிருந்து பங்கு கொடுத்துக்கொண்டு வர, கடைசி வாய்க்காலுக்கு வரும்போது பீப்பாய் வெறுமையாகிவிட்டது. அளவு குறைவாக வந்திருக்கிறது என்று சொன்னார். எல்லாரும் நம்பினோம்.

அந்த எண்ணெய்தான் எங்கள் காருக்குள் எரிந்துகொண்டிருந்தது. அது கிடைக்காமல் வயலைப் பறிகொடுத்த மனிசன்தான் ஸ்ரேரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மணம் பிடிபடவில்லை. நாள் முழுக்கப் பழைய ஓட்டோக்களின் புகைக்குள் நிற்கிறவர். அதோடு, புது எண்ணெய் என்று சொன்னது விதானையார். கல்முனை வரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தேன். அவர் நான் கவலையில் இருக்கிறேன் என்று நினைத்து, வேறு வழி ஏதும் இருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் காரிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

றவூப் மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"டாங்கில என்ன இரிக்கி?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

தொப்பியைக் கழற்றினார். கதிரையில் உட்கார்ந்தார்.

"மகள் சிபானாக்கு மாசம் நெருங்கிட்டு. அம்பியூலன்ஸுக்கும் எண்ணெய் இல்ல எண்டு கதச்சாங்க. பதினெட்டு லீற்றர் எடுத்து ஊத்தினன்."

"எனக்கு ஆரோ ஒருத்தன்ட வாங்கினதெண்டு சொன்னீங்க."

"பின்ன என்னத்தச் சொல்ற? நீதான் ஒவ்வொரு நாளும் பேசினாய்."

பேசினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஓடித்திரிகிறேன், சொந்த மகளுக்கு வலி எடுத்தால் கொண்டுபோக ஒரு போத்தல் எண்ணெய் வைக்கத் தெரியாத மனிசன் என்று பேசினேன். ஒரு நாளல்ல, பத்து நாள் பேசினேன். கடைசியில் சிபானாவுக்கு வலி எடுத்தபோது அம்பியூலன்ஸ் இருபது நிமிசத்தில் வந்தது. கார் கொட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

"அப்ப திருப்பிக் குடுத்திரிக்கலாமே?"

"புள்ள பொறக்கிறதுக்கு நாலு நாளைக்கி முன்னமே கடைசி வாய்க்கால் எரிஞ்சிட்டு. எரிஞ்ச வயலுக்கு எண்ணெயக் கொண்டு போய் என்னெண்டு குடுக்கிற?"

"இறக்கி ஊத்தியாவது இரிக்கலாம். மூணு வருசம் வெச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"கை போகல்ல றஹீமா. மத்தவனுக்குச் சேர வேண்டிய ஹக்கு. அதத் தொடவே கை போகல்ல. நீ சாவிய எடுத்ததுக்குப் பொறகு இறக்கப் பாத்தன், மூடி துறக்கல்ல."

அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய உம்மா மௌத்தானபோது மட்டும்தான். அழுது முடித்துவிட்டு, "மருதமுனையில ஒரு கராஜ் இரிக்கி. அங்க கொண்டு போவம். டாங்கியக் கழுவினா சரி. சில்வெஸ்டருக்குத் தெரிய வராது," என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முதலாந் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது. கார் கிடைக்கும், வேலை கிடைக்கும், என் கணவர் விதானையாராகவே இருப்பார், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த யோசனையோடு சோறு போட்டேன், பிசைந்தேன், அப்படியே மூடி வைத்தேன். என் கைப் பிழையோ தெரியாது, கூலி வேண்டாம் என்று சில்வெஸ்டர் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. ஏழு நாள் காருக்குக் கீழே கிடந்தவர் தன் வேலையில் தானே சந்தேகப்படுகிறார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"காலையில நீங்க என்னோட கராஜுக்கு வாறீங்க. நீங்களே சொல்றீங்க," என்றேன். "இல்லாட்டி நான் சொல்லுவன். என்ட வாயப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

காலையில் போனோம். சில்வெஸ்டர் எஞ்சினைக் கழற்றச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். றவூப் அவர் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார்.

"பாஸ், அது புது எண்ணெய் இல்ல."

"அப்ப?"

"பீப்பாய் எண்ணெய்."

நான் சாவியை நீட்டினேன். சில்வெஸ்டர் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கீழே படுத்து, டாங்கியின் அடியில் இருந்த புரியாணியைக் கழற்றி, ஒரு பிளாஸ்ரிக் கானுக்குள் இறக்கினார். அது வடிந்து முடிய நேரம் எடுத்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

"எத்தின லீற்றர்?"

"பதினெட்டு."

"கடைசி வாய்க்கால்ல நாங்க அஞ்சு பேர். எங்கட வயலுக்கு மருந்தடிக்க இது போதுமாயிருந்திருக்கும், விதானையார்."

"ஓம்," என்றார் றவூப்.

"அந்த மூண்டு மூட்டை நெல்லும் இதுக்குத்தானா?"

சில்வெஸ்டர் ஏசுவார், கையை ஓங்குவார் என்று நான் பயந்தேன். அவர் பழந்துணியில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"நான் இத வெளியில சொல்ல மாட்டன். நான் சொன்னா, தமிழன் ஒருத்தன் முஸ்லிம் விதானைக்குப் பழி சொல்றான் எண்டு அது வேற கதையாப் போகும். நாளைக்கு ரெண்டு ஊரும் அதத்தான் கதைக்கும், எண்ணெயக் கதைக்காது. நீங்களே கூட்டத்தில சொல்லுங்க. மற்ற நாலு பேருக்கும் முன்னால."

பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸி, அஞ்சு லீற்றர் பெற்றோல் வாங்கிக்கொண்டு வாங்க. டாங்கியக் கழுவணும்," என்றார். குரலில் ஒன்றும் இல்லை. வேலைக்குக் கதைக்கிற குரல்.

மூன்றாம் நாள் திரும்பவும் புகைச் சோதனைக்குப் போனோம். இந்த முறை புகை கண்ணுக்கே தெரியவில்லை. சோதிக்கிறவர் தாளைப் பார்த்துவிட்டு, "ரிங் மாத்தினீங்களா? நல்ல வேலை," என்றார். சில்வெஸ்டர் "ஓம்" என்று மட்டும் சொன்னார். சான்றிதழை என் கையில் தந்துவிட்டு, முழுக் கூலியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் போனார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் வாடியில் கூட்டம். பொம்பளைகள் போகிற கூட்டமல்ல. றவூப் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். எழுந்து எல்லாவற்றையும் சொன்னாராம், வட்டவிதானை வேலையையும் விட்டுவிட்டாராம். மகளுக்காகத்தானே செய்தார், அந்த நேரம் யார்தான் செய்யவில்லை என்று நாலைந்து பேர் எழும்பிச் சொன்னார்களாம். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் தலைப்பு வாய்க்கால்காரர்கள். கடைசி வாய்க்கால்காரர்கள் எழுந்து போய்விட்டார்களாம்.

முதலாந் திகதி திங்கட்கிழமை. புது லைசனைக் கண்ணாடியில் ஒட்டி, தராசையும் புத்தகங்களையும் பின்சீற்றில் வைத்து, பிஸ்மி சொல்லி எடுத்தேன். கிளச்சை விடும்போது இரண்டு தரம் நின்றது, மூன்றாம் தரம் பிடித்தது. வயல்வெளிகளுக்கு நடுவே கார் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. என் பட்டியலில் முதல் வீடு, ஏழு மாதக் கர்ப்பிணி ஜெனோசா. சில்வெஸ்டரின் மகள். பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டதிலிருந்து, அவர்கள் வேறு மிஸ்ஸியை அனுப்பச் சொல்லி அறிவிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறிவித்தால் எனக்கு ஸ்டோர்தான். அதைச் சரி என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

அவர்களுடைய வளவு பெரியது. றோட்டோரத்தில் கேற், வீடு எட்டத் தள்ளி மாமரங்களுக்குப் பின்னால். கேற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே கார் போகத் தாராளமாக வழி இருந்தது. சில்வெஸ்டரின் மனைவி அருள்ராணி கேற்றில் நின்றார். நான் வருகிற நேரத்தை அறிந்து நின்றது போலத்தான் இருந்தது. காரைப் பார்த்தார். முன்னாலிருந்து பின்வரைக்கும் பார்த்தார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"அருள்ராணி, நான்..."

"வாங்க மிஸ்ஸி," என்றார். "பிள்ளை காலையிலயிருந்து பாத்துக்கொண்டு இருக்கிறாள். கால் வீங்கியிருக்கு எண்டு சொல்றாள், வந்து பாருங்க."

நான் காரை உள்ளே எடுக்கத் திருப்பினேன். அவர் கேற்றின் ஒரு கதவை மட்டும் திறந்து, மற்றதைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வாங்க," என்றார். "கார் றோட்டில நிக்கட்டும்."

நான் எஞ்சினை நிறுத்தினேன். பையையும் தராசையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.